எந்த ஊர், ஊரில் எந்தப் பக்கம்?

ஆண்டிபட்டியிலிருந்து வைகை அணைக்குப் போகிற வழியில், சாலையை விட்டு உள்ளே தள்ளி ஒரு காலனி இருக்கிறது. முப்பது வீடுகள் இருக்கும். அதில் ஏழெட்டு வீட்டார் கத்தோலிக்கர்கள். அங்கிருந்து முதன்முதலாக ஒரு பையன் 'சாமியாருக்குப் படிக்க'ப் போயிருக்கிறார். மே மாத விடுமுறைக்கு வந்திருக்கிறார் என்று தெரிந்ததும் நாம் போய்ப் பார்த்தோம். தன் பெயரையும் தான் படிக்கும் குருமடத்தின் பெயரையும் எழுத வேண்டாம் என்று முதலிலேயே கேட்டுக்கொண்டார். எழுதவில்லை.

நாம் போனபோது காலை எட்டரை மணி. அவருடைய அம்மா மல்லிகைத் தோட்டத்தில் பூப் பறித்துவிட்டு அப்போதுதான் வந்திருந்தார். விடிவதற்கு முன்பே, நாலு மணிக்கெல்லாம் கிளம்பிப் போகிற வேலை அது. மகனும் கூடப் போய்ப் பறித்திருக்கிறார். "அங்க அஞ்சு மணிக்கு மணி அடிப்பாங்க அண்ணே. மத்தவங்களுக்கு மொத மாசம் பூரா அதுதான் கஷ்டம். எனக்கு ஒரு மணி நேரம் கூடத் தூங்கக் கெடச்சுது" என்று சிரித்தார்.

கத்தோலிக்கக் குருவாக ஆக விரும்புகிறவர்கள் தங்கிப் படிக்கும் இடத்துக்குத்தான் குருமடம் என்று பெயர். வெளியே இருந்து பார்ப்பவர்களுக்கு அது ஒரு விடுதி மாதிரித் தெரியும். உள்ளே இருப்பவர்களுக்கு அது மணியோசையால் நடக்கும் வாழ்க்கை. ஐந்து மணிக்கு எழுந்து, கோவிலில் கூடிக் காலைப் புகழ்மாலை செபிக்க வேண்டும். பிறகு அரை மணி நேரம் தனித் தியானம். அதன்பின் திருப்பலி. காலை உணவுக்குப் பிறகு வகுப்புகள். மதியச் சாப்பாட்டுக்கு முன் சில நிமிடம் ஆன்ம சோதனை. பிற்பகலில் தோட்ட வேலை அல்லது துப்புரவு வேலை, அடுத்து விளையாட்டு. சாயங்காலம் செபமாலை, படிப்பு நேரம், இரவு உணவு, இரவு செபம். இரவு செபம் முடிந்துவிட்டால் மறுநாள் காலை வரை யாரும் யாரிடமும் பேசக் கூடாது. அதைப் பெரிய மௌனம் என்பார்கள். வீட்டுக்கு வீடு வித்தியாசம் இருப்பதுபோல் குருமடத்துக்குக் குருமடம் நேரம் கொஞ்சம் முன்பின் ஆகும். உலகம் முழுக்க வரிசை ஏறக்குறைய இதுதான்.

மாதத்தில் ஒரு நாள் ஒடுக்கம். ஆண்டுக்கு ஒருமுறை பல நாள் தொடர்ந்து மௌனத் தியானம். இது தவிர ஒவ்வொரு மாணவருக்கும் ஓர் ஆன்ம குரு உண்டு. மனதில் இருப்பதை அவரிடம் போய்ச் சொல்ல வேண்டும். அங்கே பேசியது வெளியே போகாது. திருச்சபைச் சட்டத்தின் 240ஆம் பிரிவு இதில் கறாராக இருக்கிறது. ஒரு மாணவரைக் குருப்பட்டத்துக்கு ஏற்பதா, வீட்டுக்கு அனுப்புவதா என்று முடிவெடுக்கும்போது ஆன்ம குருவிடம் கருத்துக் கேட்கவே கூடாது. நல்ல சட்டம் என்றே நமக்குத் தோன்றுகிறது. மனதைத் திறந்து காட்டியதற்காக ஒருவர் தண்டிக்கப்படக் கூடாது அல்லவா?

நாம் நடந்தே அணைப் பக்கம் போனோம். 1959இல், காமராசர் முதலமைச்சராக இருந்தபோது திறக்கப்பட்ட அணை. 71 அடி வரை நீர் தேக்கலாம். கோடை என்பதால் நீர் உள்வாங்கிக் கிடந்தது. ஒரு புங்க மரத்து நிழலில் உட்கார்ந்தோம். குருமடத்தில் முதலில் ஆச்சரியப்பட்டது எதைப் பார்த்து என்று கேட்டோம். கோவில், நூலகம், பெரிய சாப்பாட்டுக் கூடம் என்று ஏதாவது சொல்வார் என்று நினைத்தோம். அவர் சொன்னது வேறு.

"கக்கூஸ் கழுவுற முறை அண்ணே. பட்டியல் போட்டு ஒட்டியிருப்பாங்க. வாரத்துக்கு நாலு பேர். மொத வாரம் எம் பேரு இல்ல. நான் போற கக்கூஸை நெலபுலம் உள்ள வீட்டுப் பையன் ஒருத்தன் வாளியும் விளக்குமாறும் எடுத்துட்டு வந்து கழுவுனான். நான் வெளிய நின்னு பாத்துக்கிட்டே இருந்தேன். எங்க ஊர்ல யாராவது சொன்னா நம்ப மாட்டாங்க."

அந்தப் பையன் இதைத் தன் வீட்டில் சொல்லியிருப்பானா என்று கேட்டோம். "சொல்லியிருக்க மாட்டான்" என்றார்.

இதைச் சிறிய விஷயம் என்று நாம் நினைக்கவில்லை. தட்டு ஒன்று, சாம்பார் ஒன்று, பரிமாறுவதற்கும் முறை, கழுவுவதற்கும் முறை. இப்படி ஓர் ஏற்பாடு நம் மாவட்டத்தில் எத்தனை இடத்தில் இருக்கிறது? குருமடத்தின் ஒழுங்கு அதன் வேலையைச் செய்கிறது. ஆனால் ஒழுங்கு எட்டாத நேரம் ஒன்று உண்டு. அது சாப்பாட்டுக்குப் பிறகு மாணவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் நேரம்.

"சாதி பேரு யாரும் கேக்க மாட்டாங்க அண்ணே. 'எந்த ஊரு?'ன்னுதான் கேப்பாங்க. சொன்னா, 'ஊர்ல எந்தப் பக்கம்?'னு அடுத்தாப்ல கேப்பாங்க. அதுக்கு மேல கேக்கத் தேவையில்லை."

முதல் முறை கேட்டபோது என்ன சொன்னார்? ஆண்டிபட்டி டவுனில் கடைத்தெருப் பக்கம் வீடு என்று சொல்லியிருக்கிறார். கேட்டவரும் தலையாட்டிவிட்டுப் போய்விட்டார். அன்று இரவு ஆன்ம சோதனை. அன்றைய நாளைக் காலையிலிருந்து திருப்பிப் பார்த்து, எங்கே கடவுளின் துணை இருந்தது, எங்கே நாம் தவறினோம் என்று நினைத்துப் பார்க்கும் செபம் அது. லொயோலா இஞ்ஞாசியார் தம் சீடர்களுக்குக் கற்றுக்கொடுத்த முறை என்பார்கள். "பொய் சொன்னதுக்காக அன்னைக்கு ராத்திரி நான் மன்னிப்புக் கேட்டேன். கேட்டவன் நல்லாத் தூங்கிட்டான்னு நினைக்கிறேன்" என்றார் அவர். கோபமாகச் சொல்லவில்லை.

இரண்டாம் ஆண்டில் ஒரு நாள் ஆன்ம குரு அவரிடம், "மாசா மாசம் வர்ற, எல்லாம் பேசுற, உங்க ஊரைப் பத்தி மட்டும் ஒரு வார்த்தை சொன்னதில்லையே" என்று கேட்டிருக்கிறார். அன்றைக்குத்தான் எல்லாவற்றையும் கொட்டியிருக்கிறார். அதற்குப் பிறகு எந்தப் பக்கம் என்று யார் கேட்டாலும் "காலனி" என்று சொல்லிவிடுகிறார். சிலர் அதோடு பேச்சைக் குறைத்துக்கொண்டார்கள். சிலர் நெருக்கமானார்கள்.

இன்னொன்றும் சொன்னார். அவருடைய தாத்தா பறையடிப்பவர். குருமடத்தில் பொங்கல் விழா வந்தபோது, "உனக்குத்தான் வரும், நீ அடி" என்று பறையைக் கையில் கொடுத்திருக்கிறார்கள். தொண்ணூறுகளில் எழுந்த தலித் கிறிஸ்தவ எழுச்சிக்குப் பிறகு தமிழகத்தில் பல கோவில்களில் திருப்பலியின்போதே பறை ஒலிக்கிறது. அது பெருமை. ஆனால் இவருக்கு அடிக்கத் தெரியாது. இவர் தாத்தா இவரைத் தொடவே விட்டதில்லை. "நீ படிடா, இது என்னோட போகட்டும்" என்றிருக்கிறார். அடிக்கத் தெரியும் என்று எதை வைத்து முடிவு செய்தார்கள்? பிறகு இவரே விரும்பி, நண்பர் ஒருவருடன் சேர்ந்து முறையாகக் கற்றுக்கொண்டார். அந்த நண்பர் ஊர்த் தெருக்காரர். இப்போது இருவரும் சேர்ந்து அடிக்கிறார்கள்.

எல்லாக் குருமடத்திலும் இப்படித்தான் என்று சொல்ல வரவில்லை. ஒரு மாணவரின் அனுபவம் இது. நாம் கேட்க விரும்புவது ஒன்றே ஒன்று. காயப்பட்டவர் தன் காயத்தை ஆன்ம குருவிடம் கொண்டுபோகிறார். 'எந்தப் பக்கம்?' என்று கேட்டவர், அந்தக் கேள்வியை என்றாவது தன் ஆன்ம சோதனையில் கொண்டுவருகிறாரா? கோபம், பொறாமை, சோம்பல், பார்வையின் ஒழுக்கம் என்று எல்லாவற்றையும் துருவிப் பார்க்கச் சொல்லித் தருகிறார்கள். சாதியையும் பாவமாகத் துருவிப் பார்க்கச் சொல்லித் தருகிறார்களா? தலித் மாணவருக்குத் தைரியம் கொடுப்பது பாதி வேலைதான். நாளை ஏதாவது ஒரு பங்கில், ஊர்த் தெருவுக்கும் காலனிக்கும் சேர்த்துப் பங்குத்தந்தையாகப் போகப்போகிறவர் அந்தக் கேள்வியைக் கேட்ட மாணவரும்தான்.

குருமடம் என்ற அமைப்பே யாருக்காகத் தொடங்கியது என்பதைக் கொஞ்சம் பின்னால் போய்ப் பார்க்க வேண்டும். 1563இல் திரெந்து பொதுச்சங்கம் ஒவ்வொரு மறைமாவட்டத்திலும் குருமடம் வேண்டும் என்று ஆணையிட்டது. அதே ஆணையில், முதன்மையாக ஏழைகளின் பிள்ளைகளைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று இருக்கிறது. பணக்காரப் பிள்ளைகளையும் சேர்க்கலாம், ஆனால் செலவை அவர்களே பார்த்துக்கொள்ள வேண்டும் என்றும் இருக்கிறது. 460 ஆண்டுகளுக்கு முன் எழுதியது இது.

நம் பக்கத்துக்கு வந்தபோது அது வேறு மாதிரி ஆனது. 1606இல் மதுரைக்கு வந்த தெ நோபிலி, உயர்சாதியினரிடம் பேசுவதற்காகப் பிராமணத் துறவி வேடம் பூண்டார். அவர்களைப் போலவே தாழ்த்தப்பட்டோரிடமிருந்து விலகி வாழ்ந்தார். தாழ்த்தப்பட்டோரிடம் போவதற்கென்று 1640இல் பண்டாரசாமிகள் என்று தனிப்பிரிவு வந்தது. 1693இல் ஓரியூரில் தலை வெட்டப்பட்ட அருளானந்தர் இந்தப் பண்டாரசாமி வழியில் வந்தவர். சாமியார்களே இரண்டு பிரிவாக இருந்த மண் இது. தாழ்த்தப்பட்டவர் வீட்டில் ஒருவர் சாகக் கிடந்தால்கூட உள்ளே போய் நோயில் பூசுதல் கொடுக்கத் தயங்கியவர்கள் இருந்தார்கள். போயே ஆக வேண்டும் என்று 1704இல் புதுச்சேரியில் வைத்து ரோமின் தூதர் துர்னோன் ஆணையிட வேண்டியிருந்தது. நாற்பது ஆண்டு வழக்குக்குப் பிறகு, 1744இல், தாழ்த்தப்பட்டோருக்கென்று தனிக் குருக்கள் என்ற ஏற்பாட்டில் அது போய் நின்றது.

1893இல் போப் பதின்மூன்றாம் லியோ, இந்தியாவுக்கு இந்தியரே குருக்களாக வேண்டும் என்று கண்டியில் ஒரு குருத்துவக் கல்லூரியைத் தொடங்கினார். 1955இல் அது புனேவுக்கு மாறியது. உன் பிள்ளைகளே உன் மீட்புக்குப் பணி செய்வார்கள் என்ற பொருளில் அதற்கு ஒரு லத்தீன் விருதுவாக்கும் உண்டு. எந்தப் பிள்ளைகள் என்பதுதான் அதற்குப் பிந்தைய நூறு ஆண்டுக் கேள்வி.

1992இல் மதுரையிலிருந்து இரண்டு நூல்கள் வந்தன. ஒன்று, தமிழக தலித் கிறிஸ்தவர்கள் சபைக்குள் சந்திக்கும் பாகுபாடுகள் பற்றி இயேசு சபைக் குரு அந்தோணிராஜ் செய்த ஆய்வு. மற்றொன்று பாமாவின் 'கருக்கு'. ஏழைப் பிள்ளைகளுக்குப் பணி செய்யலாம் என்று கன்னியர் மடத்துக்குப் போன ஒரு தலித் பெண், ஏழு ஆண்டுக்குப் பின் ஏன் வெளியே வந்தார் என்பதை அதில் படிக்கலாம். நம் மாணவரும் அதைக் குருமட நூலகத்தில்தான் எடுத்துப் படித்திருக்கிறார். "யாரு படிச்சாங்கன்னு பின்பக்க அட்டையில தேதி போட்டிருக்கும். நெறையப் பேரு படிச்சிருக்காங்க" என்றார். அது நல்ல செய்தி.

அதே 1992இல்தான் போப் இரண்டாம் ஜான் பால் குருக்களின் உருவாக்கம் பற்றி ஒரு பெரிய மடல் எழுதினார். மனிதம், ஆன்மிகம், அறிவு, மேய்ப்புப்பணி என்று நான்கு தூண்கள் அதில் சொல்லப்பட்டன. இன்றும் குருமடங்கள் அந்த நான்கையும் வைத்துத்தான் மாணவரை எடைபோடுகின்றன. 2003 நவம்பரில் தமிழக ஆயர்கள் ரோமுக்குப் போனபோது, கிறிஸ்தவர்களுக்குள் சாதி பார்ப்பது திருச்சபையின் பணிக்கே தடை என்று அதே போப் அவர்களிடம் நேராகச் சொன்னார். 2016 டிசம்பரில் இந்திய ஆயர் பேரவை தலித் மேம்பாட்டுக் கொள்கை ஒன்றை வெளியிட்டது. இந்தியக் கத்தோலிக்கர் 1 கோடியே 90 லட்சம் பேரில் 1 கோடியே 20 லட்சம் பேர் தலித்துகள், ஆயர்களில் தலித்துகள் 12 பேர் என்ற கணக்கை அந்த ஆவணமே தந்தது. மறைக்காமல் சொன்னதற்குப் பாராட்டலாம். ஆனால் ஆயர்கள் குருக்களிலிருந்து வருகிறார்கள், குருக்கள் குருமடத்திலிருந்து வருகிறார்கள். எண்ணிக்கை அங்கேதான் மாற வேண்டும்.

மாறாமலும் இல்லை. ஆந்திராவின் கர்னூல் பகுதியில் 1961இல் பிறந்த அந்தோணி பூலா, வறுமையால் ஏழாம் வகுப்போடு படிப்பை நிறுத்த வேண்டி வந்தவர். மறைப்பணியாளர்கள் கைகொடுத்ததால் மறுபடி படித்தார். பெங்களூரு புனித பேதுரு குருத்துவக் கல்லூரியில் பயின்று 1992இல் குருவானார். 2022 ஆகஸ்டில் கர்தினால் ஆனார். தலித் ஒருவர் கர்தினால் ஆனது அதுவே முதல் முறை. 2025 மே மாதம் புதிய போப்பைத் தேர்ந்தெடுக்க வாக்களித்த 133 பேரில் அவரும் ஒருவர்.

சேர விரும்பும் மாணவர்கள் நம் ஊர்ப் பக்கமும் இருப்பதால் விவரத்தையும் சொல்லிவிடுகிறோம். பொதுவாகப் பிளஸ் 2 முடித்தவர்களை எடுக்கிறார்கள். பங்குத்தந்தையிடம் சொன்னால் இறையழைத்தல் முகாமுக்கு அனுப்புவார். ஞானஸ்நான, உறுதிபூசுதல் சான்றிதழ்கள் வேண்டும். முதலில் ஓரிரு ஆண்டு தயாரிப்பு, அதில் ஆங்கிலமும் செபமும். பிறகு தத்துவம், அதன்பின் இறையியல். சட்டப்படி தத்துவமும் இறையியலும் சேர்த்துக் குறைந்தது ஆறு ஆண்டு. நடுவே பட்டப்படிப்பும் பங்குகளில் களப்பணியும் வரும். எல்லாம் சேர்ந்து பத்து ஆண்டுக்கு மேல் ஆகிவிடும். 25 வயது ஆகாமல் குருப்பட்டம் கிடையாது. உசிலம்பட்டி தாண்டிக் கருமாத்தூரில் அருள் ஆனந்தர் கல்லூரியில் இளங்கலைத் தத்துவம் இருக்கிறது. குருமாணவர்கள் அங்கே மற்றப் பிள்ளைகளோடு ஒரே வகுப்பில் உட்கார்ந்து படிக்கிறார்கள்.

சேர்ந்தவர் எல்லோரும் குருவாவதில்லை. பாதிக்கு மேல் வெளியே வந்துவிடுவது சாதாரணம், அதில் அவமானம் ஒன்றுமில்லை. ஆனால் அனுப்பிவிடும்போது 'படிப்பு வரவில்லை' என்று ஒரு காரணம் சொல்வார்கள். அதில்தான் நமக்குக் கவலை. காலனியிலிருந்து போகும் முதல் தலைமுறைப் பிள்ளைக்கு ஆங்கிலத்தில் தத்துவம் படிப்பது கல்லுடைக்கும் வேலை. நம் மாணவர் முதல் பருவத்தில் இரண்டு தாளில் தோற்றிருக்கிறார். ஒரு பேராசிரியர் இரவு உணவுக்குப் பின் தினமும் அரை மணி நேரம் கூட உட்கார்ந்து சொல்லிக்கொடுத்ததால் தப்பித்திருக்கிறார். அந்த அரை மணி நேரம் ஒருவருடைய நல்ல மனதைப் பொறுத்ததாக இல்லாமல், பட்டியல் போட்டு ஒட்டும் முறையாக ஆக வேண்டும். கக்கூஸ் கழுவுவதற்குப் பட்டியல் போட முடிகிறபோது இதற்கும் போடலாம்.

அரசு உதவி பற்றியும் இவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணைப்படி இந்துக்கள் மட்டுமே பட்டியல் சாதியினர். 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டார்கள். கிறிஸ்தவர் சேர்க்கப்படவில்லை. சேர்க்கலாம் என்று 2007இல் ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் பரிந்துரைத்தது. 2022இல் கே.ஜி.பாலகிருஷ்ணன் தலைமையில் இன்னோர் ஆணையம் அமைக்கப்பட்டது. சேர்க்கக் கோரி 2023 ஏப்ரல் 19 அன்று தமிழ்நாடு சட்டமன்றம் தீர்மானம் நிறைவேற்றியது. தமிழ்நாட்டில் தலித் கிறிஸ்தவர்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இருக்கிறார்கள். ஆனாலும் கிறிஸ்தவ மதம் மாறிய ஆதிதிராவிட மாணவர்களுக்கு ஆதிதிராவிடர் நலத்துறையின் கல்வி உதவித்தொகை உண்டு. இது தெரியாமல் விட்டவர்கள் பலர். சாதிச் சான்றிதழை +2 முடிக்கும் முன்பே சரியாக வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

மதியம் வீடு திரும்பியபோது அம்மா அணை மீன் வாங்கிக் குழம்பு வைத்திருந்தார். சாப்பிடாமல் விடவில்லை. குருப்பட்டம் வாங்கியவர் சொந்தப் பங்கில் நன்றித் திருப்பலி நிறைவேற்றுவது வழக்கம். புதுக் குருவை வீட்டிலிருந்து மாலை போட்டு, மேளத்தோடு பங்குக் கோவிலுக்கு ஊர்வலமாக அழைத்துப் போவார்கள். இவர்களுடைய பங்குக் கோவில் பக்கத்து ஊரில் இருக்கிறது. காலனியில் இருப்பது ஒரு சின்னக் குருசடி மட்டும்.

"இன்னும் ஏழு வருசம் இருக்கு" என்றார் அம்மா. "ஆனா இப்பவே யோசனையா இருக்கு. கோயிலுக்குப் போகணும்னா ஊர்த் தெரு வழியாத்தான போகணும்?"

"சுத்திப் போற பாதை ஒண்ணு இருக்கு" என்றார் அப்பா.

மகன் குழம்பில் கை வைத்தபடியே நிமிர்ந்தார். "சுத்திப் போக மாட்டேன்ப்பா" என்றார். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு அம்மா நமக்கு இன்னொரு துண்டு மீன் எடுத்து வைத்தார்.